சத்தம் குறைந்த மின்னாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

ஈப்போவுக்கு வடக்கே, தைப்பிங்கிற்கும் பாரிட் புந்தாருக்கும் இடையில் அமைந்த சிறு நகரம் பாகான் செராய். இது பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தைச் சேர்ந்தது. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் வாய்க்கால் நீர், 1906ஆம் ஆண்டு முதல் இம்மாவட்டத்தின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து வருகிறது. வயல்களுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களும், முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்களும் பரந்து கிடக்கின்றன. தோட்டத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரும், அவர்களுடைய பழைய கோயில்கள் சில அங்கேயே நிற்கின்றன.

இத்தகைய வட்டாரங்களில் வீடுகளுக்கு மின்சாரம் கிடைக்கிறது. ஆனால், வேலை நடக்கும் எல்லா இடங்களிலும் மின்சாரம் இருப்பதில்லை. வயலோரத்தில் கட்டப்படும் கொட்டகை, இன்னும் மின்மானி பொருத்தப்படாத புதிய வீடு, செம்பனைகளுக்கு நடுவே உள்ள மாட்டுக்கொட்டில், கூரை மாற்றப்படும் பழைய கோயில் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கே வேலை செய்யும் தச்சரும் இரும்புக் கம்பிக்கதவு செய்பவரும் கூரை வேய்பவரும் தம் கருவிகளை இயக்கக் கையோடு ஒரு மின்னாக்கியைக் கொண்டு செல்கின்றனர். கடைகளிலும் பேச்சு வழக்கிலும் இது 'ஜெனரேட்டர்' எனப்படும்.

சிறு தொழில் செய்பவருக்கு மின்னாக்கி பெரிய செலவு. தவறாகத் தேர்ந்தெடுத்தால் இழப்பு பல வழிகளில் வந்து சேரும். திறன் குறைந்தால் கருவி சூடேறிப் பழுதாகும். திறன் மிகுந்தால் பெட்ரோல் வீணாகும். இரைச்சல் மிகுந்தால் அக்கம்பக்கத்தாரின் நிம்மதி கெடும்; இயக்குபவரின் செவித்திறனும் குறையும். ஆகவே, பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுப்பது நல்லது.

தோட்டத்து எஞ்சின் முதல் கையடக்க மின்னாக்கி வரை

1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய அறிவியலறிஞர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச்சுருளுக்கு அருகில் காந்தம் அசையும்போது அந்தக் கம்பியில் மின்சாரம் உண்டாகிறது என்பதே அக்கண்டுபிடிப்பு. பெரிய மின்நிலையமானாலும் சிறிய மின்னாக்கியானாலும் அடிப்படை இதுதான். காந்தத்தைச் சுழற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

பேராக் மாநிலத்தில் அந்த ஆற்றல் பேராக் ஆற்றிலிருந்தும் கிடைத்தது. 1930ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய செண்டரோ நீர்மின் நிலையம், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அளித்தது. 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதுவே பின்னர் தேசிய மின்சார வாரியமாகி, 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது.

மின்கம்பங்கள் எட்டாத தோட்டங்கள் பலவற்றில் தனியாக ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. மாலையில் சில மணி நேரம் அதை ஓட்டி லயத்து வீடுகளுக்கு விளக்கு வெளிச்சம் தந்தனர். எஞ்சின் நின்றதும் விளக்குகள் அணையும், தோட்டமும் உறங்கிவிடும். அந்த எஞ்சின் தனிக் கட்டடத்தில் இருந்ததால் அதன் ஓசையோடு மக்கள் ஓரளவு பழகிப்போயினர். இன்றைய கையடக்க மின்னாக்கியோ வேலை நடக்கும் இடத்திலேயே, பெரும்பாலும் வீடுகளுக்கு அருகிலேயே ஓடுகிறது. அதனால்தான் ஓசையைப் பற்றிய கேள்வி முக்கியமாகிறது.

முதலில் கருவிகளைக் கணக்கிடுதல்

மின்னாக்கியைத் தேர்ந்தெடுக்கும் வேலை மின்னாக்கியில் தொடங்குவதில்லை, கருவிகளில் தொடங்குகிறது. ஒவ்வொரு மின்கருவியின் உடலிலும் ஒரு சிறு தகடோ ஒட்டுவில்லையோ இருக்கும். அதில் அக்கருவிக்குத் தேவையான மின்திறன் வாட் அளவில் குறிக்கப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, பழைய தோட்டக் கோயில் ஒன்றின் கூரையைச் சீரமைக்கும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர்களிடம் 650 வாட் துளைக்கருவி, 850 வாட் கிரைண்டர், 1,300 வாட் வட்ட ரம்பம், ஏறத்தாழ 1,100 வாட் இழுக்கும் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர், மொத்தம் 100 வாட் அளவுள்ள இரண்டு விளக்குகள் ஆகியவை உள்ளன. எல்லாவற்றையும் கூட்டினால் 4,000 வாட் வருகிறது. இந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் 5,000 வாட் மின்னாக்கி வேண்டும் என்று முடிவு செய்வார்.

ஆனால், வேலை செய்வோர் இருவர்தாம். மரத்தை ரம்பத்தால் அறுக்கும்போது ஒருவர் அறுப்பார். மற்றவர் மரத்தைப் பிடித்துக்கொள்வார். ஐந்து கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை. ஆகவே, 'என்னிடம் எத்தனை கருவிகள் உள்ளன?' என்பதைவிட, 'ஒரே நேரத்தில் எவை ஓடும்?' என்பதே சரியான கேள்வி. ரம்பமும் விளக்குகளும் சேர்ந்தால் 1,400 வாட் மட்டுமே.

தொடங்கும் கணத்தின் பளு

வாட் அளவோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட அதிக மின்சாரத்தை இழுக்கிறது. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை நகர்த்தும்போதும் இப்படித்தான். முதல் உந்தலுக்கே பலம் அதிகம் வேண்டும். உருண்டு சென்ற பிறகு சிறிது பலம் போதும்.

இந்தத் தொடக்கப் பளு எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. துளைக்கருவி, கிரைண்டர், வட்ட ரம்பம் ஆகியவற்றில் கார்பன் தூரிகை கொண்ட மோட்டார் இருக்கும். பொதுவாக இவற்றின் தொடக்கப் பளு, ஓடும் பளுவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கலாம். மெதுவாக வேகமெடுக்கும் அமைப்புள்ள கருவிகளில் இது இன்னும் குறையும். கம்ப்ரசர், நீரேற்றும் பம்பு போன்றவற்றில் தூண்டல் மோட்டார் இருக்கும். இவை தொடங்கும்போது மூன்று மடங்கோ அதற்கும் மேலோ இழுக்கக்கூடும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1,300 வாட் ரம்பம் ஒரு கணம் 2,000 வாட் அளவுக்குக் கேட்கலாம். அதைவிடச் சிறிதாகத் தோன்றும் 1,100 வாட் கம்ப்ரசரோ 3,300 வாட்டையும் தாண்டிக் கேட்கலாம். ஆகவே, மின்னாக்கியின் அளவையும் விலையையும் ஓசையையும் உயர்த்துவது கம்ப்ரசர் ஒன்றே. அது கோயிலில் எத்தனை நாள் தேவைப்படும்? ஒருநாள் வண்ணம் தெளிப்பதற்கு மட்டும்தான் என்றால், அந்த ஒருநாளுக்குப் பெரிய மின்னாக்கியை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது தூரிகையால் வண்ணம் பூசலாம். கம்ப்ரசரைக் கணக்கிலிருந்து நீக்கிய உடனே, தொடர்ந்து 1,800 வாட் தரக்கூடிய சிறு மின்னாக்கி போதுமானதாகிறது.

சிக்கனத்தின் முதல் படி இதுதான். விலை குறைந்த மின்னாக்கியைத் தேடுவதற்கு முன், பெரிய மின்னாக்கியைக் கட்டாயமாக்கும் கருவி எது என்று கண்டறிய வேண்டும்.

இந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. ரம்பத்தையும் கிரைண்டரையும் ஒரே நேரத்தில் இயக்கினால் 2,150 வாட் ஆகிவிடும்; சிறு மின்னாக்கி அதைத் தாங்காது. இருவரும் முறைவைத்துத்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அல்லது ஒரு கருவியை மின்கல வகைக்கு மாற்றலாம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு மின்கலம் 90 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கிறது. திருகாணி முடுக்குவதற்கும் சிறு துளைகள் இடுவதற்கும் இத்தகைய இரண்டு மின்கலங்கள் நெடுநேரம் உதவும். இரவில் வீட்டிலேயே அவற்றுக்கு மின்னேற்றிக்கொள்ளலாம்.

தகட்டில் உள்ள எண்களைப் படித்தல்

மின்னாக்கியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட எண் எப்போதும் அதன் உண்மையான திறனைக் குறிப்பதில்லை. அது உச்சத் திறனாக இருக்கலாம். வெறும் மாதிரி எண்ணாகவும் இருக்கலாம். உச்சத் திறன் என்பது சில கணங்களுக்கு மட்டும் தரக்கூடிய அளவு. மணிக்கணக்கில் தரக்கூடிய அளவு தொடர்திறன் எனப்படும். ஒப்பிடுவதற்குத் தொடர்திறனையே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றாட வேலையைத் தொடர்திறனுக்குள் அடக்கிக்கொண்டு, தொடக்கப் பளுவை மட்டும் உச்சத் திறனிடம் விட்டுவிடுவது பாதுகாப்பான முறை.

சில தகடுகளில் வாட்டுக்குப் பதிலாகக் 'கேவிஏ' என்ற அலகு இருக்கும். அதை நேரடியாகக் கிலோவாட் என்று எண்ணிவிடக் கூடாது. தகட்டில் உள்ள திறன்காரணியால் அதைப் பெருக்க வேண்டும். திறன்காரணி 0.8 எனில், 2.5 கேவிஏ மின்னாக்கி 2 கிலோவாட் மட்டுமே தரும்.

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவில் உள்ளது. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட 110 வோல்ட் அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கி மலிவாகக் கிடைத்தாலும் இங்குள்ள கருவிகளுக்கு அது பொருந்தாது.

இரண்டு வகை மின்னாக்கிகள்

சந்தையில் கிடைக்கும் சிறு பெட்ரோல் மின்னாக்கிகளைப் பெரும்பாலும் இரண்டு வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, குழாய்ச் சட்டத்துக்குள் எஞ்சின் வெளியே தெரியும்படி அமைந்த திறந்த வகை. இரண்டாவது, பெட்டி போன்ற உறைக்குள் எஞ்சினை அடக்கிய இன்வெர்ட்டர் வகை.

திறந்த வகையில் எஞ்சினின் வேகமே மின்சாரத்தின் அலைவெண்ணை முடிவு செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்க, இரண்டு முனை கொண்ட மின்னாக்கி ஒரு விநாடிக்கு 50 முறை, அதாவது ஒரு நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டும். பளு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேகம் குறையக் கூடாது. ஒரு விளக்கு மட்டும் எரிந்தாலும் எஞ்சின் முழு வேகத்தில்தான் முழங்கும்.

இன்வெர்ட்டர் வகையில், எஞ்சின் உண்டாக்கும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. பிறகு ஒரு மின்னணுச் சுற்று அதை 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமாக ஆக்கித் தருகிறது. இதனால் எஞ்சினின் வேகமும் அலைவெண்ணும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதில்லை. பளு குறையும்போது எஞ்சின் மெதுவாக ஓடலாம். ஓசையும் பெட்ரோல் செலவும் குறையும். அதன் மின்னலை சீராக இருப்பதால் மின்கல மின்னேற்றிகளுக்கும் ஏற்றது.

இந்த வேறுபாடு கருவி வேலைக்கு மிகவும் பொருந்துகிறது. தச்சர் ஒரு பலகையை அறுப்பதற்குச் சில விநாடிகள்தாம் ஆகும். அளப்பது, கோடு போடுவது, ஏணியில் ஏறுவது, பொருத்துவது ஆகியவற்றில்தான் பெரும்பகுதி நேரம் கழிகிறது. அந்த நேரம் முழுவதும் திறந்த வகை மின்னாக்கி ஒரே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வகை தணிந்துவிடும். அறுக்கும்போது ரம்பம் எழுப்பும் ஓசை மின்னாக்கியின் ஓசையைவிடப் பெரிதாக இருக்கலாம். எனினும் அது விட்டுவிட்டு வருவது. அக்கம்பக்கத்தாரைச் சலிப்படையச் செய்வது நாள் முழுவதும் ஓயாமல் கேட்கும் இரைச்சலே.

இன்வெர்ட்டர் வகையிலும் குறைகள் உண்டு. ஒரே திறனுள்ள திறந்த வகையைவிட அதன் விலை பெரும்பாலும் கூடுதலாகும். மின்னணுப் பகுதி பழுதானால் சீர்செய்யும் செலவும் அதிகம். வேகத்தைத் தணிக்கும் விசை போடப்பட்டிருக்கும்போது பெரிய ரம்பத்தைத் திடீரென இயக்கினால் எஞ்சின் வேகமெடுக்கச் சற்றுத் தாமதிக்கும். அத்தகைய கருவிகளுக்கு அந்த விசையை அணைத்துவிட வேண்டியிருக்கும்.

டெசிபெல் சொல்வது என்ன?

ஓசையின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிப்பர். இது சாதாரணக் கூட்டல் கணக்குக்கு உட்படாத அலகு. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஓசை ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். ஆகவே 70 டெசிபெல்லுக்கும் 60 டெசிபெல்லுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

விளம்பரங்களில் உள்ள டெசிபெல் எண்களை ஒப்பிடும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தொலைவு. பல நிறுவனங்கள் 7 மீட்டர் தொலைவில் அளந்த எண்ணைத் தருகின்றன. இரண்டாவது, பளு. கால்பங்குப் பளுவில் அளந்த எண் அழகாகத் தெரியும்; முழுப்பளுவில் அது உயர்ந்துவிடும். மூன்றாவது, அளவையின் வகை. சில தகடுகளில் 'எல்.டபிள்யூ.' என்ற எழுத்துகளுடன் 95 போன்ற பெரிய எண் இருக்கும். அது இயந்திரம் வெளிவிடும் மொத்த ஒலித்திறன். 7 மீட்டரில் காதுக்கு எட்டும் ஓசையன்று. திறந்த வெளியில் அதிலிருந்து ஏறத்தாழ 25-ஐக் கழித்தால் 7 மீட்டரில் கேட்கும் அளவு கிடைக்கும். எனவே, 95 என்று எழுதப்பட்ட மின்னாக்கியும் 7 மீட்டரில் 70 டெசிபெல் என்று எழுதப்பட்ட மின்னாக்கியும் ஒரே அளவுதான் இரைகின்றன.

தொலைவு என்னும் இலவச மருந்து

திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 7 மீட்டரில் 70 டெசிபெல் இரையும் மின்னாக்கி, 14 மீட்டரில் 64 ஆகவும் 28 மீட்டரில் 58 ஆகவும் கேட்கும். அதாவது, மலிவான மின்னாக்கியை 7 மீட்டரிலிருந்து 28 மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபெல் குறைகிறது. 10 டெசிபெல் குறைந்த விலையுயர்ந்த மின்னாக்கியை வாங்கி அருகிலேயே வைப்பதைவிட இது சிறந்த பலன். வயல்வெளியும் செம்பனைத் தோட்டமும் சூழ்ந்த பாகான் செராய் வட்டாரத்தில், வீடுகளிலிருந்து விலகிய இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தொலைவுக்குத் தேவை நல்ல நீட்டிப்புக் கம்பி. கம்பி மெலிந்திருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 25 மீட்டர் நீளத்தில் 6 ஆம்பியர் மின்சாரத்தைக் கொண்டு சென்றால் ஏறக்குறைய 4 முதல் 5 வோல்ட் வரை குறையும். இது ஏற்கத்தக்க அளவு. அதில் பாதி கனமுள்ள கம்பியில் இழப்பு இரட்டிக்கும். சுருள்வடிவில் உள்ள கம்பியை முழுவதும் பிரித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே விட்டால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்பியின் உறை உருகக்கூடும். செருகியிலும் கம்பியிலும் சிரிம் முத்திரை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

மின்னாக்கியை வைக்கும் முறையும் ஓசையைக் குறைக்கும். புகைபோக்கியை வீடுகளுக்கு எதிர்த்திசையில் திருப்பி வைக்கலாம். சிமெண்டுத் தரையைவிடப் புல்தரையில் அதிர்வு குறையும். மின்னாக்கிக்கும் வீட்டுக்கும் இடையில் மணல்மேடோ செங்கல் அடுக்கோ இருந்தால் ஓசை தடைபடும். ஆனால், ஓசையை அடக்குவதற்காக மின்னாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடுவது தவறு. காற்றோட்டம் இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

விலையை வேலைநாளால் வகுத்தல்

விலை கூடிய இன்வெர்ட்டர் வகையை வாங்குவதா, மலிவான திறந்த வகையை வாங்குவதா என்பதை ஓர் எளிய வகுத்தல் கணக்கால் முடிவு செய்யலாம். இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு 1,500 ரிங்கிட் என்று கொள்வோம். மாதத்தில் நான்கு நாள் பயன்படுத்துபவருக்கு ஆண்டுக்கு 48 நாள். ஐந்து ஆண்டுக்கு 240 நாள். வேறுபாட்டை நாள்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 6 ரிங்கிட் 25 காசு ஆகிறது. குறைந்த வேகத்தில் மிச்சமாகும் பெட்ரோல் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடும். ஆகவே, அடிக்கடி வேலை செய்பவர் விலை கூடியதை வாங்குவது பொருந்தும்.

ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டும் பயன்படுத்துபவருக்குக் கணக்கு மாறுகிறது. ஐந்து ஆண்டுக்கு 25 நாள் எனில் ஒரு நாளுக்கு 60 ரிங்கிட் கூடுதல் செலவு. அவருக்கு வாடகையோ, திறந்த வகையும் நீண்ட கம்பியுமோ போதும். கோயில் திருப்பணி போன்ற பொதுவேலைகளுக்குப் பலர் சேர்ந்து ஒரு மின்னாக்கியை வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் ஒரு வழி.

பழைய மின்னாக்கியை வாங்குபவர் அதைக் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். பளு இல்லாமல் ஓடுவது சோதனையாகாது. தன் ரம்பத்தையோ கிரைண்டரையோ எடுத்துச் சென்று அதில் செருகி இயக்கிப் பார்ப்பதே உண்மையான சோதனை. உதிரிப்பாகங்கள் அருகிலுள்ள கடையில் கிடைக்குமா என்றும் கேட்டறிய வேண்டும். வடிகட்டியோ தீப்பொறிச் செருகியோ கிடைக்காத மின்னாக்கி எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் இழப்பே.

உயிரைக் காக்கும் விதிகள்

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியில் உயிர்வாயு செல்ல வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் எழுந்து நடக்கும் வலிமையையே இழந்தவர்கள் உண்டு. மழை பெய்கிறது என்றோ சத்தம் வெளியே கேட்கிறது என்றோ மின்னாக்கியை வீட்டுக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் வைக்கவே கூடாது. சன்னலைத் திறந்து வைப்பது பாதுகாப்பாகாது. சத்தம் குறைந்த மின்னாக்கியில் இந்த ஆபத்து ஒருவகையில் அதிகம். ஓசை தொந்தரவு செய்யாததால் அதை அருகில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழக்கூடும்.

மின்னாக்கியின் மின்சாரத்தை வீட்டுச் சுவரில் உள்ள மின்துளை வழியாகச் செலுத்துவதும் கொடிய ஆபத்து. அது வீட்டு இணைப்பு வழியே வெளிக்கம்பிக்குச் செல்லும். அங்குள்ள மின்மாற்றி அதை 11,000 வோல்ட் வரை உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரை அது பறித்துவிடும். கருவிகளை மின்னாக்கியில் நேரடியாகவே செருக வேண்டும்.

மழையிலும் ஈரத்திலும் மின்னாக்கியை இயக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது நல்லது. எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின்னரே பெட்ரோல் ஊற்ற வேண்டும். சூடான எஞ்சினின் மேல் சிந்தும் சில துளிகள்கூடத் தீயை உண்டாக்கும். பெட்ரோலைக் கலனில் வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் அரசாங்க விதிமுறைகள் உள்ளன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

செவியையும் மறந்துவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த ஓசை தொடர்பான தொழில் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தில் சராசரியாக 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் இருத்தல் கூடாது. ஓசை 3 டெசிபெல் கூடினால் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபெல்லுக்கு நான்கு மணி நேரம். 91 டெசிபெல்லுக்கு இரண்டு மணி நேரம். 7 மீட்டரில் 70 டெசிபெல்லாக உள்ள மின்னாக்கி, ஒரு மீட்டர் அருகில் ஏறத்தாழ 87 டெசிபெல்லாகக் கேட்கும். ரம்பமும் கிரைண்டரும் அதனினும் அதிகம். இழந்த செவித்திறன் மீண்டும் வருவதில்லை. சில ரிங்கிட் விலையுள்ள காதடைப்பான் அதைக் காக்கும்.

அக்கம்பக்கத்தாரும் கணக்கில் உண்டு

எவ்வளவு நல்ல மின்னாக்கியானாலும் முற்றிலும் ஓசையின்றி ஓடுவதில்லை. 'சத்தமில்லாதது' என்று விளம்பரம் கூறினாலும் அதன் பொருள் 'சத்தம் குறைந்தது' என்பதே. மீதமுள்ள சத்தத்தை மனிதப் பண்பால்தான் குறைக்க முடியும். வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் எத்தனை நாள், எந்த நேரம் என்று சொல்லிவிடலாம். அறுக்கும் வேலைகளைத் தொகுத்துப் பகலில் முடித்துவிட்டு, ஓசை குறைந்த வேலைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். பூசை நேரத்திலும், அருகில் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் நேரத்திலும், நோயாளி உறங்கும் வேளையிலும் மின்னாக்கியை நிறுத்தி வைக்கலாம். கருவி எதுவும் ஓடாத இடைவேளையில் எஞ்சினை அணைத்துவிடுவது செலவில்லாத சத்தக்குறைப்பு, பெட்ரோலும் மிச்சமாகும்.

ஆகவே, சத்தம் குறைந்த மின்னாக்கி கடையில் மட்டும் கிடைப்பதன்று. ஒரே நேரத்தில் ஓடும் கருவிகளைக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் பெரிதாக வாங்காமல், தகட்டைச் சரியாகப் படித்து, வீடுகளிலிருந்து தள்ளி வைத்து, தேவையில்லாதபோது அணைப்பவரிடம் எளிய விலை மின்னாக்கியும் அடக்கமாக ஓடும். இவற்றைக் கருதாதவரிடம் விலையுயர்ந்த மின்னாக்கியும் ஊரை எழுப்பும்.